முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டு

முதுகுவலி என்று யார் சொன்னாலும் எங்கள் தெருவில் அவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏதோ நான் டாக்டருக்குப் படித்தவள் மாதிரி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதம். ஆனாலும் வருகிறவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் செய்கிறேன். முதுகு சரியாகி இப்போது வாய் வலிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது புரட்டாசி மாதம். எங்களுக்குக் காலண்டர் சீசன், பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி சீசன். ஊரில் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. தேதித்தாள் கட்டு ஒன்றை நகர்த்த ஆளைக் கூப்பிட்டேன். "இந்தா வாரேன்" என்றவன் வரவில்லை. எனக்குப் பொறுமை என்பது கிடையாது. குனிந்து நானே தூக்கினேன். இடுப்பில் ஏதோ கயிறு அறுந்த மாதிரி இருந்தது. அப்புறம் நிமிர முடியவில்லை. அப்படியே காகிதத்தின் மேல் சாய்ந்து கிடந்தேன். என்னிடம் வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் சுற்றி நின்று அழுதார்கள், நான் அவர்களை ஏசினேன். வலி வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

கம்பெனி வேனில் என்னைப் படுக்கப்போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

டாக்டர் பொறுமையான மனிதர். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை, கட்டை கட்டையாக அடுக்கி வைத்தது என்றார். இரண்டு கட்டைக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கும். அந்த வட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமுக்குகிறது. அதனால்தான் அடிபட்டது இடுப்பில் என்றாலும் வலி கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் இடது கால் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

"விரலை மேல தூக்குங்கம்மா."

தூக்கினேன். அவர் விரலைத் தள்ள முடியவில்லை. வலது காலில் தள்ள முடிந்தது. அவர் முகம் கொஞ்சம் மாறியதைப் பார்த்துவிட்டேன்.

நரம்பு பலம் இழக்கிறது என்றார். படுக்கையில் வைத்து, எடை கட்டி இழுத்து, மாத்திரை, ஊசி, பயிற்சி என்று பார்க்கலாம். விரல் தேறினால் நல்லது. இன்னும் தொய்ந்தால் ஆபரேஷன்தான், தள்ளிப்போட்டால் பாதமே தொங்கிவிடும். ஆக, என் பிழைப்பு முழுவதும் ஒரு கட்டைவிரலில் வந்து நின்றது.

ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போனோம். அங்கே காத்திருந்ததுதான் பெரிய பாடு. உட்கார முடியாது, நிற்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் படுத்து மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் குழாய்க்குள் தள்ளி, தடதடவென்று ஒரு சத்தம். எங்கள் காகிதம் வெட்டும் மிஷின்கூட அப்படிக் கத்தாது. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் என் செருப்பு ரெண்டையும் கையில் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார். "கீழ வைக்கக் கூடாதா?" என்றேன். "எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா? நீ எந்திரிச்சு நடக்கும்போது வேணும்ல" என்றார். அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதிகம் பேசாத மனிதர். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேஷன் என்றால் எனக்குப் பயம். இல்லை என்று சொன்னால் பொய். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். முதுகில் கத்தி வைத்த சின்னம்மா, எழுந்திருக்கவே முடியாமல் போன பெரியப்பா. எங்கள் பைண்டிங் வேலை முழுக்கத் தரையில்தான். வட்டமாக உட்கார்ந்து, தாளை அடுக்கி, தட்டி, தைக்க வேண்டும். முதலாளி நல்லவர், நாற்காலி போட்டுக் கொடுப்பார்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் தலைதான் தெரியும், கை தெரியாது. கையைப் பார்க்காமல் நான் என்ன மேற்பார்வை பார்க்கிறது? எனக்கு மறுபடியும் தரையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் சாமியிடம் கேட்டேன்.

விருதுநகர் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் முத்துமாரி. அச்சங்குளத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. "விழுந்துட்டேங்க்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். மிச்சத்தை அவள் மாமியார் வராந்தாவில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ஷெட் வெடித்திருக்கிறது. இவள் எழுந்து ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தில் குதித்துவிட்டாள். உடம்பில் ஒரு பொறிகூடப் படவில்லை. கால் எலும்பு ரெண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அந்த ஷெட்டில் இருந்தவர்களைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மற்றபடி நல்ல வாயாடி. நான் படுத்தபடியே இட்லி தின்று சட்னியைக் கழுத்தில் வடியவிட்டால், "யக்கா, சட்னிய வாய்க்குப் போட்டீகளா, சேலைக்குப் போட்டீகளா?" என்பாள். எனக்குச் சிரிக்கவும் முடியாது, சிரித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இரவுகள்தான் கொடுமை. நேராகப் படுத்தால் இடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே சந்து விழும். அந்தச் சந்தில்தான் வலி குடியிருந்தது. ரெண்டு பேரும் தூங்காமல் கிடப்போம். நான் வலியில் கிடந்தேன். அவள் எதில் கிடந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பயிற்சிக்கு வந்தது லதா மேடம். வெளியூர்ப் பெண், சின்ன வயது. மூட்டு, தசைப் பயிற்சிக்குப் படித்துவிட்டு யோகாவும் கற்றவர். யோகா என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. காலையில் டிவியில் காலைத் தூக்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்கிறார்களே, அதைத்தானே நான் பார்த்திருக்கிறேன்.

"மேடம், எனக்குப் புரண்டு படுக்கவே முடியல. யோகாவாம்ல!" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க எங்கயும் வளைய வேண்டாம்மா. தரைக்கு நீங்க போக முடியலன்னா, தரையை உங்ககிட்ட வர வைப்போம். எங்க சந்து இருக்கோ அங்க முட்டுக் கொடுப்போம். உடம்பு பயத்தை விட்டா தசை தானா இளகும். அப்புறம் அந்த முட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்."

ஒரு திண்டு, ஒரு கட்டை, ஒரு நீளப் பட்டை வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். கடையில் கிடைக்குமா என்று கேட்டதற்கு, சென்னையில் கிடைக்கும், ஆனால் வீட்டில் இருக்கிறதே போதும் என்றார். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டைக்குப் பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா. மேடம் அதை என் பாதத்தில் மாட்டிக் காலைத் தூக்கச் சொன்னதும் அது உள்ளங்காலை அறுத்தது. கட்டைக்கு எங்கள் கம்பெனியில் போய்த் தைத்த தேதிக் கட்டு ரெண்டு வாங்கி வந்திருந்தார். அளவெல்லாம் கச்சிதம்தான். மேடத்துக்குப் பரம சந்தோஷம். குதிகாலை அதன் மேல் வைக்கச் சொன்னார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"இதுல காலை வைக்க மாட்டேன் மேடம்."

"ஏம்மா, வலிக்குதா?"

"காகிதம் மேடம். தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். சோறு போடுறது அதுதான்."

மேடம் என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், அதை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். நாடாவுக்குப் பதில் என் பழைய நூல் சேலையின் முந்தானை வந்தது. கட்டைக்கு என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது லாரி சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற சாய்வுக்கட்டை. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் குதிகாலுக்கு அது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. "லோடு ஏத்துன லாரிக்கே தாங்குது, உங்களுக்குத் தாங்காதாக்கா?" என்றாள் முத்துமாரி.

திண்டு கடைசியாக வந்தது. தையல்காரரிடம் நீளமாக உறை தைத்து, உள்ளே காகிதக் கழிவு அடைத்து, ரெண்டு பக்கமும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர் கம்பெனியில் வெடிக்குச் சுற்றுகிற தாளை வெட்டும்போது விழுகிற கழிவு. மேடம் அதை என் முழங்காலுக்குக் கீழே வைத்தார். முழங்கால் மடங்கியதும் என் இடுப்பு தானாகக் கீழே இறங்கிக் கட்டிலில் படிந்தது. அந்தச் சந்து இல்லை. இடுப்பு பிடித்த நாளிலிருந்து முதல் தடவையாக வலி விட்டது. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "மூச்சை மெதுவா விடுங்க" என்றார் மேடம். விட்டேன். எனக்குத் தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கத்துக் கட்டில் ஆடியது.

முத்துமாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. "ஓடுங்க, ஓடுங்க, எந்திரிச்சு ஓடுங்க" என்றாள். சத்தம்கூட வரவில்லை, காற்றுதான் வந்தது. மாவுக்கட்டுக் காலைக் கீழே போடப் போனவளை அவள் மாமியாரும் மேடமும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம்தான் முதலில் மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன வாசம்?"

என் வீட்டுக்காரர் அந்தக் கழிவை வெடிமருந்து அறையில் கிடந்த பழைய சாக்கில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். கந்தக வாசம் அதில் ஊறிப்போயிருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையில் அடிக்கிற வாசம் அதுதான். எனக்கு அது வீட்டுக்காரர் வாசம். அவளுக்கு அது அந்த ஷெட்.

நர்ஸ் வந்தார், பெரிய நர்ஸ் வந்தார். "பெட்டுல வெடியா வச்சிருக்கீங்க?" என்று ஒரே கூப்பாடு. என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெறும் காகிதம்தான் என்று காட்ட ஒரு கை கழிவை எடுத்துக்கொண்டு போய் வெளி முற்றத்தில் தீக்குச்சி கிழித்துவிட்டார். காகிதம் காகிதமாகத்தான் எரிந்தது. வாட்ச்மேன் அவரை வாசல் வரை விரட்டினார். திண்டும் வெளியே போனது.

என் இடுப்புக்கடியில் சந்து மறுபடி வந்தது. அந்த நேரம் எனக்கு முத்துமாரி மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு அரைமணி நேரம் தூங்கவிட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. எரிச்சல் போய்விட்டது.

சாயங்காலம் அவள் மாமியார் என் கட்டிலுக்கு வந்தார். கையில் ஒரு ஜமுக்காளம், இறுக்கச் சுருட்டி ரெண்டு இடத்தில் நாடா கட்டியிருந்தது. முத்துமாரி தன் படுக்கையில் விரித்திருந்த ஜமுக்காளம்.

"காலுக்கு வச்சுக்கிடச் சொல்லுதா" என்றார்.

"ஏ புள்ள, நீ எதுல படுப்ப?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் மெத்தை இருக்குல்லக்கா" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

அந்த மெத்தை ரெக்சின் மெத்தை. வியர்வையில் முதுகு ஒட்டிக்கொண்டு உரியும். ஒட்டுகிற சத்தம் எனக்கே கேட்கும். நான் அங்கே இருந்த வரைக்கும் அவள் அதில்தான் படுத்தாள். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் அந்த ஜமுக்காளத்தின் மேல் காலைப் போட்டுத் தூங்கினேன். தூங்கினேன் என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அவ்வளவு அருமையான தூக்கம்.

வலி குறைந்ததும் மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். குப்புறப் படுத்து வயிற்றுக்கடியில் தலையணை. மல்லாந்து படுத்துக் காலை நாற்காலி மேல் வைப்பது. சேலை முந்தானையைப் பாதத்தில் மாட்டிக் காலைக் கொஞ்சமாகத் தூக்கி, வலி ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்துவது. என் சுபாவத்துக்கு நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் போறேனே மேடம்" என்பேன். "போனது போதும்மா" என்பார்.

ஒவ்வொரு நாள் காலையும் டாக்டர் வந்து கட்டைவிரலில் விரலை வைப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவேன். பக்கத்துக் கட்டிலில் முத்துமாரி தன் நல்ல காலின் கட்டைவிரலைத் தானும் தூக்கிக்கொண்டு கிடப்பாள், எனக்கு உதவி செய்கிறாளாம். ஒரு காலையில் டாக்டரின் விரல் கொஞ்சம் அசைந்தது. அவர் என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் அசைந்தது.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றார்.

"யக்கா!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து கூச்சல் வந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நாள் கணக்கில் பொறுமை வேண்டியிருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, மடித்த போர்வைகளை அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஸ்டூல் உயரம். வலிக்காமல் பழகியதும் ஒரு போர்வையை எடுத்துவிடுவேன். வலித்தால் மறுபடி போடுவேன். தீபாவளி வந்து போனது. கார்த்திகையில் ஒரே ஒரு போர்வையின் மேல் உட்கார்ந்து பைண்டிங் வேலையைப் பார்த்தேன். கண்ணெதிரே பிள்ளைகளின் கைகள். அன்றைக்கு நான் ஒருத்தியைக்கூட ஏசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள்.

ஜமுக்காளம் என்னிடமே இருந்தது. அதைத் துவைத்து, கூடவே இலவம் பஞ்சில் புதிதாக ஒரு திண்டு தைத்து எடுத்துக்கொண்டு, நானும் வீட்டுக்காரரும் அச்சங்குளத்துக்குப் போனோம். முத்துமாரிக்கு மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். கால் சூம்பி, மடக்க வராமல் இருந்தது. தீபாவளிக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். காதில் பஞ்சை அடைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே படுத்திருந்தாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

புதுத் திண்டைக் கையில் கொடுத்தேன். முதலில் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்குக்கா" என்றாள். திண்டைத் தடவிக்கொண்டே, "அந்தப் பழசு இருக்கா?" என்று கேட்டாள்.

"எது?"

"அண்ணன் தச்சுக் கொண்டாந்தாகள்ல, அது."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தூக்கிப்போடவில்லை, கொல்லைப்புறக் கொட்டகையில் கிடந்தது. "அது எதுக்கு உனக்கு?" என்றேன்.

"தைக்கு அப்புறம் வேலைக்கு வரச் சொல்லியிருக்காக. கால் சரியாயிரும்க்கா. அந்த வாசம்தான்... ஆள் ஏத்துற கம்பெனி வேன் வாசல்ல வந்து நின்னாலே அடிக்கும். ஏற முடியாம ஓடியாந்துட்டேன்னா? நீங்க போர்வைய ஒவ்வொண்ணா எடுத்தீகளாம்ல, அண்ணன் அத்தைகிட்டச் சொன்னாக. அது மாதிரி பழகிக்கிறேன்."

பைண்டிங்குக்கு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மன்றாடியும் பார்த்தேன். பஸ் தூரம், கைப்பிள்ளை, வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கனேதான் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நியாயம்தான், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திரும்பும் வழியில் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். வேறு யாரிடம் போடுவது?

வாசம் கொஞ்சம் குறையட்டும் என்று அவர் அந்தத் திண்டைப் பிரித்து, புதுக் காகிதம் அடைத்து, உறையை மட்டும் பழையதாகவே விட்டார். அதிலேயே வாசம் இருந்தது. அடுத்த முறை நாங்கள் போனபோது அவள் அதை வாசல்படிக்கு வெளியே வைக்கச் சொன்னாள். அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள். அதற்கடுத்த முறை கதவுக்கு உள்ளே வந்திருந்தது. மார்கழியில் கட்டிலுக்கடியில் இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் தரையில், வெறுந்தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் பார்த்துவிட்டு, "உக்காந்துட்டீகளேக்கா!" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப எனக்கு வைங்க" என்றாள்.

பஞ்சுத் திண்டை எடுத்துவிட்டு, பழைய திண்டை அவள் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.

"மூச்சை மெதுவா விடு" என்றேன்.

விட்டாள். விரல்கள் என் கையை நெரித்தன.

"எடுத்துரவா?"

தலையை ஆட்டி, "இருக்கட்டும்க்கா" என்றாள்.